ஓவியாவுக்கு டாக்டர் வந்தார், ‘சேரி பிஹேவியருக்கு’ யார் வந்தார்?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் நசரத்பேட்டை, அதை ஒட்டி செம்பரம்பாக்கம். ஏரிக்குப் பேர் போன அந்த ஊரில்தான் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது. முன்பு அது தீம் பார்க். 2012இல் அங்கே ராட்டின விபத்தில் ஓர் இளம்பெண் இறந்தார். பிறகு சினிமா அரங்குகள் வந்தன. 2017 ஜூன் 25 தொடங்கி செப்டம்பர் 30 வரை தமிழ்நாடே ராத்திரியானால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிக்பாஸ் வீடு அங்கேதான் கட்டப்பட்டிருந்தது. விஜய் டிவி ஒளிபரப்பியது, கமல்ஹாசன் நடத்தினார்.

அந்த முதல் சீசனிலிருந்து இரண்டு வார்த்தைகளை நான் இன்னும் மறக்கவில்லை. ஒன்று ‘சேரி பிஹேவியர்’. மற்றொன்று ‘கவுன்சிலிங்’. முதல் வார்த்தையை நடன இயக்குநர் காயத்ரி ரகுராம் நடிகை ஓவியாவைப் பார்த்துச் சொன்னார். இரண்டாவது வார்த்தை ஓவியா மனமுடைந்து நின்ற ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள்தான். ஆனால் பார்வையாளர்கள் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆரவ் மீது ஓவியா வைத்த காதல், அவர் மறுத்தது, வீட்டில் மற்றவர்கள் அவரைத் தனிமைப்படுத்தியது, ஓவியா தூங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தது, தன்னை வருத்திக்கொள்ளும் அளவுக்குப் போனது. அவருக்கு மனநல மருத்துவ ஆலோசனை கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆகஸ்ட் 5 அன்று அவர் வெளியேறினார். நசரத்பேட்டை காவல் நிலையத்தில் ஒரு வழக்கறிஞர் புகார் கொடுத்தார். தற்கொலை முயற்சி என்றால் விசாரிக்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 115ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதத்தில். அதனால் மன உளைச்சலில் வெளியே வந்த ஒரு பெண்ணைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின் கண்ணாடி வழியாகப் பார்க்க அப்போது இடம் இருந்தது.

அந்த டாக்டரைப் பற்றி மக்கள் பேசியது ஒரு தனிக் கதை. டீக்கடையிலும், ஷேர் ஆட்டோவிலும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடமும் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. டாக்டர் வந்ததே டிஆர்பிக்காக என்றார்கள் சிலர். இவ்வளவு லேட்டாகவா வருவார் என்றார்கள் சிலர். ஓவியாவுக்கு எதற்கு டாக்டர், மற்ற எல்லாருக்கும்தான் வேண்டும் என்றார்கள் ‘ஓவியா ஆர்மி’க்காரர்கள். ஒரே ராத்திரியில் ஊரில் எல்லாருமே மனநல மருத்துவர் ஆகிவிட்டோம். டிப்ரஷன், பைபோலார் என்று வாயில் வந்ததையெல்லாம் ஓவியா தலையில் ஒட்டினோம். ஜூலியைப் பொய் சொல்லும் வியாதிக்காரி என்றோம். சுவரேறித் தப்பிக்கப் பார்த்த பரணியைப் பற்றியும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னோம். காட்சிகளைத் தொகுத்து ஒரு மணி நேரமாக்கிக் காட்டினால் அது போதும் நமக்கு, ஒருவரின் மனதைப் படித்துவிட.

சம்பளம் வாங்கும் மருத்துவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டர் நின்றபோது ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகை மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. அவரை நேரில் சோதிக்காமலேயே 1,189 பேர் அவர் அதிபராக இருக்க மனரீதியாகத் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ஒரு விதி போட்டது: நேரில் பரிசோதிக்காத ஒரு பொது மனிதரின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்து சொல்லக் கூடாது. நம் ஊரில் ரியாலிட்டி ஷோ சீசன் வந்தால் சேனல் சேனலாக உட்கார்ந்து பேசும் நிபுணர்களுக்கு யாராவது இந்த விதியை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்.

பிக்பாஸின் மூலவடிவமான ‘பிக் பிரதர்’ 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு பிரிட்டனில் சேனல் 4க்கு வந்தது. அங்கே உளவியலாளர்கள் நிகழ்ச்சிக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார்ந்தார்கள். ஜெஃப்ரி பீட்டி என்ற பேராசிரியர் பல சீசன்களில் போட்டியாளர்களின் கை அசைவை, கண் சிமிட்டலை விளக்கிக்கொண்டிருந்தார். பார்வையாளருக்கு அது பிடித்திருந்தது. வம்பு பேசுவதற்கே ஒரு விஞ்ஞானப் பூச்சு கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

அதே பிரிட்டனில் ‘ஜெரமி கைல் ஷோ’ என்று இன்னொன்று 2005இலிருந்து ஓடியது. ஏழைத் தொழிலாளர் குடும்பங்களை மேடையேற்றி, கள்ளக்காதலா, குழந்தை யாருடையது என்று பொய் கண்டறியும் கருவியும் டிஎன்ஏ சோதனையும் வைத்து அம்பலப்படுத்துவார்கள். கடைசியில் கிரஹாம் ஸ்டேனியர் என்ற உளவியல் சிகிச்சையாளரிடம் அனுப்பிவைப்பார்கள். அடி ஒருவர் கையில், மருந்து இன்னொருவர் கையில். 2007இல் மான்செஸ்டரில் ஒரு நீதிபதி, கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவி ரசிக்கும் பழைய விளையாட்டோடு அந்த நிகழ்ச்சியை ஒப்பிட்டார். 2019 மே மாதம், அதில் பங்கேற்ற ஒருவர் சில நாட்களில் இறந்துபோக, நிகழ்ச்சி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பங்கேற்பாளர் நலனுக்கென்று ஒளிபரப்பு ஒழுங்காணையமான ஆஃப்காம் 2021இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது.

நமக்கு இது தெரிந்த கதைதான். ஜீ தமிழில் ‘சொல்வதெல்லாம் உண்மை’. நிர்மலா பெரியசாமி தொடங்கிவைக்க, லட்சுமி ராமகிருஷ்ணன் நெடுங்காலம் நடத்தினார். சன் டிவியில் 2016இல் குஷ்பு நடத்திய ‘நிஜங்கள்’. அங்கே வந்து அழுதவர்கள் யார்? கட்டட வேலை, வீட்டு வேலை, ஆட்டோ, லோடுமேன். அவர்களுடைய கல்யாணம், ஓடிப்போனது, அடிதடி, பிள்ளைப் பேறு எல்லாம் நடுவீதிக்கு வந்தன. நடத்துபவர் நீதிபதி ஸ்தானத்தில். குஷ்பு ஒரு ஆளின் சட்டையைப் பிடித்த காட்சி ஊரெல்லாம் சுற்றியது. அதற்குக் கைத்தட்டலும் கிடைத்தது. லட்சுமி ராமகிருஷ்ணன் ஆதங்கத்தில் சொன்ன ஒரு வாக்கியம் காமெடியாகி, 2016இல் ‘ரஜினிமுருகன்’ படத்தில் பாட்டாகவும் ஆனது. அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. 2018இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை போட்டது.

நடிகை அழுதால் டாக்டர் வர வேண்டும் என்று நினைக்கும் பார்வையாளர், லோடுமேன் மனைவி அழுதால் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார். அவளுடைய கண்ணீருக்கு மன அழுத்தம் என்று யாரும் பேர் வைப்பதில்லை. ‘இவங்க இப்படித்தான்’ என்கிறார்கள். ஓவியாவுக்குக் கிடைத்த இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை, அது நியாயமானது. அந்த இரக்கம் எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

‘சேரி பிஹேவியர்’ என்ற வார்த்தைக்கும் இதுதான் பொருள். சத்தம் போட்டுப் பேசுவது, மனதில் பட்டதைச் சொல்வது, பெண் ஆணுக்கு அடங்காமல் நடப்பது, இதெல்லாம் ஒரு இடத்தில் பிறந்தவர்களின் குணம் என்று அந்த வார்த்தை தீர்ப்பு சொல்கிறது. சொன்னவருக்குக் கோபத்தில் வந்த வார்த்தைதான். கோபத்தில் எந்த வார்த்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதுதானே விஷயம். எதிர்ப்பு வந்தது. புதிய தமிழகம் கட்சி 100 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதை விளம்பரம் தேடுகிறார்கள் என்று கேலி செய்தவர்கள் நிறைய. ஆங்கிலப் பத்திரிகைகளோ ‘ஸ்லம் பிஹேவியர்’ என்று மொழிபெயர்த்துச் செய்தி போட்டன. ஸ்லம் என்றால் குடிசைப் பகுதி, வறுமை. சேரி என்றால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட நாம். மொழிபெயர்ப்பிலேயே சாதி காணாமல் போயிற்று.

இதையும் பிரிட்டனோடு ஒப்பிட வேண்டும். 2007 ஜனவரியில் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ வீட்டில் ஷில்பா ஷெட்டியை ஜேட் கூடியும் அவருடைய கூட்டாளிகளும் இழிவாகப் பேசினார்கள். ஆஃப்காமுக்கு 44,000க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. முக்கிய விளம்பரதாரர் விலகிக்கொண்டார். சேனல் விதி மீறியது என்று தீர்ப்பாகி, அந்தத் தீர்ப்பையே சேனல் தன் திரையில் அறிவிக்க வேண்டி வந்தது. இந்தியப் பத்திரிகைகள் அப்போது எப்படிக் கொதித்தன என்று நினைத்துப் பாருங்கள். அது இனவெறி என்று எல்லாருக்கும் உடனே புரிந்தது. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. கேபிள் டிவி சட்டத்தின் நிகழ்ச்சி விதிகளில், இனம், மொழி, வட்டாரம் சார்ந்த மக்கள் பிரிவினரை இழிவாக, ஏளனமாகச் சித்தரிக்கக் கூடாது என்று இருக்கிறது. இந்தப் பட்டியலில் சாதி என்ற சொல்லை எழுதாமல் விட்டவர்களையும் கவனியுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு உளவியலே நமக்கு எதிரி என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்லது என்று கேட்டவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி. பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வியாதி என்று கிளார்க் தம்பதி கேட்கவில்லை, தனிப்பள்ளி முறை இவர்களை என்ன செய்துவைத்திருக்கிறது என்று கேட்டார்கள். 1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, அதன் அடிக்குறிப்பில் இவர்களுடைய ஆய்வும் இடம்பெற்றது. ஃபிரான்ஸ் ஃபனான் 1953இலிருந்து அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் வேலை செய்தார். அடிமைப்பட்ட நாட்டில் மக்களின் மனதை மட்டும் சரிசெய்து திருப்பி அனுப்ப முடியாது என்று கண்டு, 1956இல் ராஜினாமாக் கடிதம் எழுதினார். டாக்டர் அம்பேத்கர் 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் சாதியை ஒரு மனநிலையாக விளக்கியிருக்கிறார். அந்த மனநிலை யாருடையது, அதை எந்தச் சாஸ்திரம் ஊட்டியது என்றும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் கவுன்சிலிங் நாற்காலியில் உட்கார வேண்டியவர் யார்?

பிக்பாஸ் பத்தாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தபோது, 2017 செப்டம்பர் 1 அன்று, அரியலூர் மாவட்டம் குழுமூரில் அனிதா இறந்தார். பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட்டில் 86. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றவர். ஒரு மாதம் முன்பு ஓவியாவுக்காகத் துடித்த அதே மக்கள் அனிதாவுக்காகவும் தெருவுக்கு வந்தார்கள், அதை மறக்க மாட்டேன். ஆனால் டிவி விவாதங்களில் அந்த வார்த்தை மறுபடி வந்தது: ‘கவுன்சிலிங் கொடுத்திருக்கலாம்.’ மதிப்பெண் குறைந்தால் தாங்கும் பக்குவம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை என்றார்கள். 1176 வாங்கிய பெண்ணுக்கா பக்குவமில்லை? 2007இலேயே எய்ம்ஸ் பற்றிய தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் தேர்விலும் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா, 2019 மே மாதம் மும்பையில் டாக்டர் பாயல் தட்வி. ஒவ்வொரு முறையும் இறந்தவரின் மனதைத்தான் தோண்டினார்கள். 2021இல் நீட் எழுதிய மாணவர்களுக்கு 104 எண் வழியாகத் தொலைபேசி ஆலோசனையை அரசு தொடங்கியது. அந்த அழைப்பு ஒரு பிள்ளையைக் காப்பாற்றினாலும் நல்லதுதான், நான் எதிர்க்க மாட்டேன். தேர்வு அப்படியே இருக்கிறது.

நம் தெருக்களில் மனநல மருத்துவர் என்றால் இன்னும் கீழ்ப்பாக்கம்தான். 1794இல் வாலண்டைன் கானலி என்ற வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்தது அந்த ஆஸ்பத்திரி. இரண்டு நூற்றாண்டு தாண்டியும் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பது வசவு. சென்னையில் இடப்பெயரே வசவாக இருப்பது இரண்டுதான் எனக்குத் தெரிந்து: கீழ்ப்பாக்கம், சேரி. நோய் வந்ததற்காக ஒன்று, பிறந்ததற்காக ஒன்று. இதனால்தான் நம் பெண்கள் மாதக்கணக்கில் தூக்கம் வராமல் கிடந்தாலும் டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறார்கள். ஏற்கெனவே ஒரு பட்டம் சுமக்கிறோம், இரண்டாவது எதற்கு?

2023 நவம்பரில் குஷ்பு, தமக்குச் ‘சேரி மொழி’ பேசத் தெரியாது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். போராட்டம் நடந்தது, புகார்கள் போயின. சேரி என்றால் பிரெஞ்சு மொழியில் அன்புக்குரியவர் என்று பொருள், அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன் என்றார். சட்டையைப் பிடித்த அன்று எந்த மொழியில் பேசினாரோ தெரியாது.

பிரெஞ்சு அகராதிக்குப் போகத் தேவையில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து தெற்கே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. குடவோலை முறைக்காகப் பாடப்புத்தகத்தில் வரும் அதே ஊர். முதலாம் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டு அங்கே கோயில் சுவரில் இருக்கிறது. பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட அந்த ஊரில் பன்னிரண்டு சேரிகள் இருந்ததாக அது சொல்கிறது. பிராமணர் வாழ்ந்த தெருத்தொகுதிக்குப் பேர் சேரி. சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். வேளச்சேரியில் கோடி ரூபாய்க்கு ஃபிளாட் வாங்குகிறவர் தன் முகவரியை நினைத்துக் கூசுவதில்லையே.

அதற்கு நூறு ஆண்டு கழித்து ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என்று தனித்தனியாக வருகின்றன. கூடவே ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் வந்துவிடுகிறது. பிற்பாடு மற்றவர்களெல்லாம் தங்கள் தெருவுக்கு அக்கிரகாரம், வீதி, நகர் என்று பேர் மாற்றிக்கொண்டு போய்விட, சேரி நம் தலையில் தங்கியது. அப்புறம் நமக்கும் ‘காலனி’ என்று ஒரு பேர் வந்தது. அதுவும் வசவாகிவிட, 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பூந்தமல்லியும் செம்பரம்பாக்கமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் குடித்து அழிகிறவர்கள், சோம்பேறிகள், கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்ற பேச்சு மிராசுதார்களிடமும் அதிகாரிகளிடமும் அப்போதே இருந்தது. ‘சேரி பிஹேவியர்’ அன்றைக்கும் இருந்தது, ஆங்கிலம் மட்டும் வேறு. டிரெமென்ஹீர் குணத்தை ஆராயவில்லை. சேரி மக்கள் குடிசை போட்டிருக்கும் மனைகூட அவர்கள் கையில் இல்லை, கூலி கேட்டாலோ வேறு வேலைக்குப் போனாலோ அந்த மனையிலிருந்தே விரட்ட முடியும் என்று எழுதினார். மனை கொடுங்கள், நிலம் கொடுங்கள் என்றார். அதன்பேரில் 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்குத் தொடக்கம். அந்த நிலங்களில் எவ்வளவு இன்று நெடுஞ்சாலை ஓரத்து காம்பவுண்டு சுவர்களுக்குள் போயிருக்கிறது என்ற கணக்கை நம் தோழர்கள் மாவட்டம் மாவட்டமாக இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.